அமெரிக்கக் கட்சிகள்: அரசியல் சட்டத்தில் பெயரில்லை, ஆட்சியின் சாவி அவர்கள் கையில்!

(அரசியல் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவைப் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளில் வராத நாளில்லை. அந்நாட்டு அதிபர் யாரை மிரட்டினார், எந்த நாட்டின் மீது குண்டு போட்டார், யாருக்குப் பொருளாதாரத் தடை விதித்தார் என்பதெல்லாம் மறுநாள் காலையிலேயே தேநீர்க் கடை வரை வந்து விடுகிறது. ஆனால் அந்த அதிபரை அந்த நாற்காலியில் கொண்டு போய் உட்கார வைப்பது எது? அவரை ஆட்டி வைக்கும் நாடாளுமன்றத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது? இதைக் கேட்டால் நம்மில் பலர், 'அங்கே இரண்டு கட்சிகள். யானைச் சின்னம் ஒன்று, கழுதைச் சின்னம் ஒன்று. இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்' என்று சொல்லி முடித்து விடுவோம்.

வெளிநாட்டுக் கொள்கையைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி பெரும்பாலும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் நான் இன்று பேச வந்தது அதுவல்ல. அந்த நாட்டின் ஆட்சி இயந்திரத்தில் கட்சி என்ற பல்சக்கரம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது? எண்ணிக்கையில் குறைந்த மக்கள் அந்தச் சக்கரத்தில் எந்த இடத்தில் கை வைத்தார்கள், எந்த இடத்தில் நசுக்கப்பட்டார்கள்? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

சொர்க்கமே வேண்டாம் என்றவர்

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். அமெரிக்க அரசியல் சட்டம் 1787ல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துப் பாருங்கள். அரசியல் கட்சி என்ற ஒன்றைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. 'பார்ட்டி' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. ஆனால் எந்தப் பொருளில்? நீதிமன்றத்தில் வக்கீல் 'என் கட்சிக்காரர்' என்கிறாரே, அந்தப் பொருளில்!

இது மறதியால் நேர்ந்ததல்ல. கட்சி என்றாலே அந்தத் தலைவர்களுக்கு ஆகாது. நாட்டைத் துண்டாடும் நோய் என்றே அதை அவர்கள் கருதினார்கள். முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796ல் வெளியிட்ட விடைபெறும் செய்தியில் கட்சி உணர்வின் கேடுகளைப் பற்றித்தான் விரிவாக எச்சரித்தார். கட்சியோடு சேர்ந்துதான் சொர்க்கம் போக முடியும் என்றால் அந்தச் சொர்க்கமே எனக்கு வேண்டாம் என்ற கருத்தில் 1789ல் ஒரு கடிதம் எழுதினார் தாமஸ் ஜெஃபர்சன். அதே ஜெஃபர்சன், சில ஆண்டுகளுக்குள், ஜேம்ஸ் மேடிசனையும் சேர்த்துக் கொண்டு ஒரு கட்சியைக் கட்டி எழுப்பினார்! எதிரணியில் அலெக்சாண்டர் ஹாமில்டன். இதில் சுவையான செய்தி என்னவென்றால், ஜெஃபர்சனும் ஹாமில்டனும் வாஷிங்டனின் அமைச்சரவையிலேயே ஒன்றாக அமர்ந்திருந்தவர்கள். கட்சியே வேண்டாம் என்ற மனிதரின் மேசையிலேயே இரண்டு கட்சிகள் பிறந்தன.

அதன் விளைவு உடனே தெரிந்தது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் அப்போது இரண்டு வாக்குகள். அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். கட்சி இல்லாத உலகத்துக்காக வகுத்த விதி இது. 1796ல் ஒரு கட்சியின் ஜான் ஆடம்ஸ் அதிபராகவும், அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் துணை அதிபராகவும் வந்து சேர்ந்தார்கள். 1800ல் நிலைமை இன்னும் மோசம். ஜெஃபர்சனுக்கு 73, அவருடைய கட்சிக்காரரே ஆன ஆரன் பர்ருக்கும் 73! முடிவு செய்யும் பொறுப்பு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 36 முறை வாக்கெடுப்பு நடத்திய பிறகு 1801 பிப்ரவரியில்தான் ஜெஃபர்சன் வென்றார். 1804ல் பன்னிரண்டாவது திருத்தம் நிறைவேறியது. அதிபருக்குத் தனி வாக்கு, துணை அதிபருக்குத் தனி வாக்கு என்றானது. கட்சிக்காக அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அந்தத் திருத்தத்திலும் கட்சி என்ற பெயர் இல்லை.

சட்டத்தில் இல்லாத பதவி

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் 'காங்கிரஸ்' என்று பெயர். (நம் நாட்டுக் காங்கிரஸ் கட்சியோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்!) பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். அதிபர், காங்கிரஸ், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஏட்டில் அப்படி. நடைமுறையில் அவற்றுக்கிடையே கட்சி என்ற கயிறு ஓடுகிறது. அதிபரும் அவையும் ஒரே கட்சியாக இருந்தால் கடிவாளம் தளர்ந்து விடும். வேறு வேறு கட்சியாக இருந்தால் வண்டியே நகராது. பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்களை இழுத்து மூடுகிற கூத்தெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

அங்கே சபாநாயகர் நடுநிலையாளர் என்ற பாவனை கூடக் கிடையாது. அவர் பெரும்பான்மைக் கட்சியின் பகிரங்கமான தலைவர். எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எது வராது என்பதில் அவர் வைத்ததே சட்டம். ஆனால் அவருடைய சொந்தக் கட்சியே பிளவுபட்டால்? 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி அந்தப் பதவியைப் பிடிக்க 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்தார்கள். 216க்கு 210 என்ற கணக்கில் அவர் பதவி இழந்தார். அடுத்த மூன்று வாரங்கள் சபாநாயகர் இல்லாமல் அவை ஸ்தம்பித்துக் கிடந்தது.

நம் நாட்டில் 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அங்கே அப்படி எதுவும் இல்லை. 2001ல் செனட்டில் இரு கட்சிகளுக்கும் ஆளுக்கு 50 இடங்கள் இருந்தன. துணை அதிபரின் வாக்கால் குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. அப்போது வெர்மாண்ட் மாநிலத்தின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் என்ற ஒரே ஒரு செனட்டர் குடியரசுக் கட்சியிலிருந்து விலகி சுயேச்சையாகி, ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து நின்றார். பதவி பறிபோகவில்லை, இடைத்தேர்தல் வரவில்லை. அந்த ஒரு மனிதர் நகர்ந்ததால் செனட்டின் அத்தனை கமிட்டித் தலைவர் பதவிகளும் கட்சி மாறின.

இன்னொரு சம்பவம். 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா காலமானார். மார்ச்சில் அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டை நியமனம் செய்தார். செனட்டின் ஒப்புதல் வேண்டும். பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், 'தேர்தல் ஆண்டு, புதிய அதிபர் வரட்டும்' என்றார். விசாரணை இல்லை, விவாதம் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அந்தப் பெயர் அப்படியே காலாவதியானது. 2020 செப்டம்பரில் மற்றொரு நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் காலமானார். அதுவும் தேர்தல் ஆண்டுதான்! ஆனால் இப்போது அதிபர் டிரம்ப், செனட்டும் அதே கட்சி. தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது ஏமி கோனி பாரட் நீதிபதியானார். இரண்டு முறையும் முடிவெடுத்தவர் மெக்கானல். அவர் வகித்த 'பெரும்பான்மைத் தலைவர்' என்ற பதவி அரசியல் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது. அது கட்சி உண்டாக்கிய பதவி.

சீட் கொடுப்பது யார்?

நம் ஊரில் கட்சித் தலைமை கையெழுத்துப் போட்ட 'பி' படிவம் கைக்கு வந்தால்தான் வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்கும். அதற்காக எத்தனை நாள் காத்துக் கிடக்கிறார்கள், எத்தனை கார்கள் ஏறி இறங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவில் அந்தப் படிவமே கிடையாது. கட்சியின் தேசியத் தலைவர் யாரென்று அங்குள்ள சாதாரண வாக்காளரைக் கேட்டால் விழிப்பார். கட்சியின் வேட்பாளர் யார் என்பதை, பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பே, வாக்காளர்களே வாக்குச்சாவடிக்குப் போய் முடிவு செய்கிறார்கள். இதற்குப் பிரைமரி தேர்தல் என்று பெயர்.

முன்பு இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதிக்கும் வாக்குச்சீட்டைக் கூட அரசு அச்சடிக்கவில்லை; கட்சிகளே அச்சடித்து வாக்காளர் கையில் கொடுத்தன. ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு விதமான சீட்டு. யார் யாருக்குப் போட்டார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்து விடும். 1888ல் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் முதன்முதலாக மாநிலம் முழுவதற்கும் அரசே அச்சடித்த ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டு வந்தது. வேட்பாளர்களை உள்ளூர்க் கட்சி முதலாளிகள் மூடிய அறையில் பேரம் பேசி முடிவு செய்து கொண்டிருந்தார்கள். அதை உடைக்க விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலெட் என்ற கவர்னர் 1903ல் பிரைமரிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

நல்ல சீர்திருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். கட்சி என்பது ஒரு தனியார் சங்கம். அதன் உட்தேர்தலை நடத்துவதோ மாநில அரசு, பெரும்பாலும் அரசுச் செலவில். அப்படியானால் பிரைமரி என்பது யாருடைய தேர்தல்? சங்கத்தின் சொந்த விவகாரமா, நாட்டின் பொதுத் தேர்தலில் ஒரு பகுதியா?

இது ஏதோ சட்டக் கல்லூரி மாணவர்களின் பட்டிமன்றத் தலைப்பு என்று நினைத்து விடாதீர்கள். இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காததால் ஒரு சமுதாயமே இருபது ஆண்டுகள் வாசலில் நின்றது.

'முயன்றுதான் ஆக வேண்டும்'

அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் 1865ல் முடிந்தது. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாவது திருத்தம் 1870ல் வந்தது. லிங்கன் குடியரசுக் கட்சிக்காரர் என்பதால் தென் மாநில வெள்ளையர்கள் அந்தக் கட்சியை வெறுத்தார்கள். அவர்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சி. காலப்போக்கில் தெற்கே அந்த ஒரு கட்சி மட்டும்தான் என்றாகி விட்டது. அங்கே நவம்பர் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவரே வென்றவர்.

எனவே கருப்பர்களை நவம்பரில் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரைமரியில் தடுத்தால் போதும்! 1923ல் டெக்சாஸ் மாநிலம் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் கருப்பர் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டது.

எல் பாசோ நகரில் லாரன்ஸ் நிக்சன் என்ற கருப்பின மருத்துவர் இருந்தார். 1924 ஜூலையில் பிரைமரி நாளன்று வாக்குச்சாவடிக்குப் போனார். அங்கிருந்த அலுவலர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். நலம் விசாரித்தார்கள். பிறகு, 'டாக்டர், உங்களை வாக்களிக்க விட முடியாது என்பது உங்களுக்கே தெரியுமே' என்றார்கள். 'தெரியும். ஆனால் நான் முயன்றுதான் ஆக வேண்டும்' என்று அவர் பதில் சொன்னதாக வரலாறு பதிவு செய்திருக்கிறது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 1927ல் ஒருமனதாக அவருக்கே தீர்ப்பு. அரசு சட்டம் போட்டு நிறத்தின் பேரால் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

டெக்சாஸ் என்ன செய்தது தெரியுமா? சட்டத்தை மாற்றி, யார் வாக்களிக்கலாம் என்பதைக் கட்சியின் செயற்குழுவே முடிவு செய்து கொள்ளட்டும் என்றது. செயற்குழு 'வெள்ளையர் மட்டும்' என்றது. டாக்டர் நிக்சன் மீண்டும் வழக்குப் போட்டார். 1932ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மீண்டும் வென்றார். செயற்குழுவுக்கு அந்த அதிகாரத்தைத் தந்ததே அரசுதான், எனவே அதுவும் அரசின் செயல்தான் என்றது நீதிமன்றம்.

சரி, அரசு இதிலிருந்து முழுதாக விலகிக் கொண்டால்? சில வாரங்களுக்குள் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சியின் மாநில மாநாடு கூடித் தானாகவே தீர்மானம் போட்டது: எங்கள் கட்சி, எங்கள் விருப்பம், வெள்ளையர் மட்டும்! ஹூஸ்டன் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த குரோவி என்பவர் வழக்குத் தொடுத்தார். 1935ல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, 'கட்சி தனியார் சங்கம். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பது அதன் சொந்த விவகாரம்' என்று சொல்லி விட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

எப்பேர்ப்பட்ட தந்திரம் பாருங்கள்! அரசியல் சட்டம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். கட்சியின் பெயரோ அரசியல் சட்டத்தில் இல்லை. பெயரில்லாத ஒன்றைச் சட்டத்தால் எப்படிப் பிடிப்பது? கட்சியைப் பிடிக்காத முன்னோர்கள் அதைச் சட்டத்தில் எழுதாமல் விட்டதன் பலனை, நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஹூஸ்டனில் கத்தரி பிடித்த ஒரு ஏழை அனுபவித்தார்.

அவர்கள் ஓய்ந்து விடவில்லை. 1940ல் அதே ஹூஸ்டனில் லானி ஸ்மித் என்ற பல் மருத்துவர் பிரைமரியில் வாக்களிக்கப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டார். கருப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. வழக்கைக் கையில் எடுத்தது. வாதாடியவர் தர்குட் மார்ஷல். (இவரே பின்னாளில், 1967ல், அந்த உச்சநீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியானார்.) 1944 ஏப்ரல் 3ம் நாள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு: பிரைமரி, தேர்தல் நடைமுறையின் ஒரு பகுதி. அதை நடத்தும் கட்சி, அந்த அளவுக்கு அரசின் வேலையைத்தான் செய்கிறது. நிறத்தின் பேரால் யாரையும் அதிலிருந்து விலக்க முடியாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய சொந்தத் தீர்ப்பையே நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

அந்த ஆண்டு எல் பாசோவில் டாக்டர் நிக்சனும் அவருடைய மனைவியும் பிரைமரியில் வாக்களித்தார்கள். இருபது ஆண்டுகள்!

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 'ஜேபேர்ட்' என்றொரு வெள்ளையர் சங்கம் 1889 முதல் இருந்தது. கட்சியின் பிரைமரிக்கும் முன்பே இவர்கள் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்துவார்கள். அதில் வென்றவரை எதிர்த்துப் பிரைமரியில் யாரும் பெரும்பாலும் நிற்பதில்லை. நவம்பரிலும் அவரே. 'நாங்கள் கட்சி கூட இல்லை, வெறும் கிளப்தான்' என்பது அவர்கள் வாதம். அதற்கும் 1953ல் இன்னொரு வழக்கு, இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. வாசலைத் திறந்தால் வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல் வைக்கிறார்கள்!

இரண்டு நாற்காலிகள்

மிசிசிப்பி மாநிலத்தின் கதை வேறு. அங்கே எழுத்தறிவுச் சோதனை, தேர்தல் வரி, அடி, உதை, கொலை என்று எல்லா ஆயுதங்களும் இருந்தன. 1964ல் வாக்களிக்கும் வயதுடைய கருப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர் கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

எனவே அவர்கள் தாங்களே ஒரு கட்சியைத் தொடங்கினார்கள்: மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி. ஜனநாயகக் கட்சியின் விதிமுறைப்படியே கீழிருந்து மேல் வரை கூட்டங்கள் நடத்தி, எல்லா நிறத்தவரையும் அனுமதித்து, 68 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நான்கு பேர் வெள்ளையர். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் போய், 'வெள்ளையர் மட்டும் சேர்ந்து அனுப்பிய குழு செல்லாது, நாங்களே உண்மையான பிரதிநிதிகள்' என்று உரிமை கோரினார்கள்.

தகுதிக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்தவர். 1962ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகத் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர். 1963ல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அந்த அடியை அவர் விவரித்துக் கொண்டிருந்தபோது, தொலைக்காட்சிகளின் கவனத்தைத் திருப்ப அதிபர் லிண்டன் ஜான்சன் திடீரென்று செய்தியாளர் சந்திப்பை ஏற்பாடு செய்தார். பலனில்லை. அன்றிரவே ஹேமரின் பேச்சை ஒளிபரப்பினார்கள், நாடே பார்த்தது.

ஜான்சன் இன எதிர்ப்பாளர் அல்ல. சில வாரங்களுக்கு முன்புதான் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர். ஆனால் தெற்கத்திய வெள்ளையர் வாக்கு போய்விடுமோ என்ற பயம். கடைசியில் கட்சித் தலைமை 68 பேருக்கு இரண்டே இரண்டு நாற்காலிகளைக் காட்டியது. அந்த இரண்டு பேர் யார் என்பதையும் தலைமையே முடிவு செய்யும்! அவர்கள் மறுத்து விட்டார்கள். என் கருத்தில் அந்த மறுப்புச் சரியானது. நாற்காலி போதாது என்பதை விட, யார் உட்கார்வது என்பதையும் பிறர் முடிவு செய்வார்கள் என்பதுதான் அதில் உறைத்த பகுதி.

சரி, யாரைத் திருப்திப்படுத்த இவ்வளவும் செய்தார்களோ, அந்த வெள்ளையர் குழு என்ன செய்தது? கட்சிக்கு விசுவாச உறுதிமொழி தர மறுத்து, ஏறக்குறைய எல்லாரும் வெளிநடப்புச் செய்தார்கள். நவம்பரில் மிசிசிப்பி, ஜான்சனைக் கைவிட்டுக் குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டருக்கு 87 சதவீத வாக்கை அள்ளிக் கொடுத்தது!

ஆனால் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு வாக்குறுதியை அவர்கள் வாங்கி விட்டிருந்தார்கள். அடுத்த மாநாட்டில் இனப் பாகுபாடு காட்டும் குழுவுக்கு இடமில்லை என்பதே அது. 1968ல் சிகாகோவில் அது நிறைவேறியது. அந்த முறை மிசிசிப்பியின் நாற்காலிகளில் அமர்ந்த குழுவில் ஹேமர் இருந்தார். அவர் எழுந்தபோது மாநாடே எழுந்து நின்று கைதட்டியது. இடையில் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழாக இருந்த பதிவு 1967க்குள் பாதியைத் தாண்டியது. (அந்தச் சட்டத்தின் பற்களில் முக்கியமான ஒன்றை 2013ல் உச்சநீதிமன்றமே பிடுங்கி விட்டது என்பது தனிக் கதை.)

ஆகஸ்டில் முடிந்த தேர்தல்

இதெல்லாம் பழைய வரலாறு என்று நினைக்கிறீர்களா? அங்கே பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. நவம்பரில் போட்டியே இருக்காது. உண்மையான தேர்தல் பிரைமரிதான், அதில் வாக்களிக்க வருபவர்களோ குறைவு. 2018ல் டெட்ராய்ட் பகுதியில் பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்த ரஷீதா தலைப் ஆறு பேர் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நின்றார். அவர் பெற்றது 31 சதவீதம். அடுத்தவரை விட ஆயிரம் வாக்கு கூட அதிகமில்லை. நவம்பரில் அவரை எதிர்த்துக் குடியரசுக் கட்சி வேட்பாளரே நிறுத்தப்படவில்லை! ஆகஸ்டில் சில நூறு பேர் வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் காங்கிரசுக்குப் போயிருக்க முடியாது. 2006ல் காங்கிரசுக்குத் தேர்வான முதல் முஸ்லிமான கீத் எல்லிசனும் மினியாபொலிஸ் தொகுதியில் இதே போலப் பிரைமரியைத் தாண்டித்தான் வந்தார்.

நவம்பருக்காக மட்டும் காத்திருந்ததன் கதையும் உண்டு. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் முக்கிய முஸ்லிம் அமைப்புகள் சிலவற்றின் கூட்டுக் குழு ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆதரவை அறிவித்தது. வேட்பாளர்கள் எப்போதோ முடிவான பிறகு வந்த ஆதரவு அது. அடுத்த ஆண்டு அக்டோபரில், செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், கண்காணிப்பு அதிகாரங்களை அள்ளிக் கொடுத்த பேட்ரியாட் சட்டம் செனட்டுக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர், ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபெய்ங்கோல்ட்.

மூன்றாவது கட்சி தொடங்கினால் என்ன என்று சிலர் கேட்கக் கூடும். 1992ல் ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் நாடு முழுவதும் ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார். கிடைத்த தேர்வாளர் வாக்கு பூஜ்யம். அதிக வாக்கு பெற்றவருக்கே முழு மாநிலமும் என்ற முறையில் மூன்றாமவரால் வெல்ல முடியாது; யாரையாவது தோற்கடிக்கத்தான் முடியும்.

2024 பிப்ரவரியில் மிச்சிகன் பிரைமரியில் காஸா போருக்கு எதிர்ப்பாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'யாருக்கும் உறுதி தரவில்லை' என்ற கட்டத்தில் வாக்களித்தார்கள். அரபு மக்கள் நிறைந்த டியர்பார்ன் நகரில் அது பாதியைத் தாண்டியது. வாசலுக்குள் நுழைந்து விட்டார்கள். ஆனால் ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குச் சில நிமிடம் பேச இடம் கேட்டபோது கட்சித் தலைமை மறுத்தது. அவர்களின் பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே இரவெல்லாம் தரையில் அமர்ந்திருந்தார்கள். நவம்பரில் டியர்பார்னில் முதலிடம் பெற்றவர் டிரம்ப்.

பிரைமரி வாசல் வழியாக எளியவர் மட்டும்தான் நுழைவார்கள் என்றும் எண்ணி விடாதீர்கள். காஸா விவகாரத்தில் குரல் கொடுத்த நியூயார்க் எம்.பி. ஜமால் போமனைத் தோற்கடிக்க, இஸ்ரேல் ஆதரவுக் குழுவான ஐபேக்கின் தேர்தல் அமைப்பு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் கொட்டியது. எதற்கு? நவம்பர் தேர்தலுக்கல்ல. 2024 ஜூனில் நடந்த பிரைமரிக்கு! அவர் தோற்றார். பணம் வைத்திருப்பவர்களுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வாசலுக்குக் காலக்கெடுவும் உண்டு. மிச்சிகன் போன்ற மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் விரும்பிய கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். நியூயார்க்கில் அப்படியல்ல, அந்தக் கட்சிக்காரர் என்று முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு, கட்சியை மாற்றிப் பதிவதற்கான கெடு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்து விட்டது. அந்தக் கெடுவைத் தவற விட்டவர்களில் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அடக்கம். தந்தை வேட்பாளர், பிள்ளைகளால் அவருக்கு வாக்களிக்க முடியவில்லை! பிறகு சட்டம் தளர்த்தப்பட்டு, கெடு பிப்ரவரி 14 என்றானது. 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கியூமோவை ஸோஹ்ரான் மம்தானி தோற்கடித்தாரே, அதில் வேறு கட்சியிலிருந்து மாறி வந்து வாக்களிக்க நினைத்தவர் பிப்ரவரி 14க்குள் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது மம்தானியின் பெயரை அந்த நகரத்தில் பலர் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.